மாட்டு வண்டியில் போன கேமரா



செமஸ்டர் லீவுக்குக் கல்வராயன் மலை ஏறலாம்னு திட்டம் போட்டு வச்சிருக்கீங்களா? அப்படின்னா எங்க ஊர் வடக்கனந்தல் பக்கமாத்தான் வருவீங்க. கோமுகி அணையில ஒரு செல்ஃபி, அப்புறம் மேல காட்டுப் பாதை, மேகம் அருவி. உங்க முதுகுப் பையில தண்ணி பாட்டில், பிஸ்கட், பவர் பேங்க் இருக்கும். கொஞ்சம் வசதியானவங்ககிட்ட ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் ஒரு ஸ்டாண்டும் இருக்கும். எல்லாம் சேர்த்து அஞ்சாறு கிலோ. அதுக்கே பாதி ஏற்றத்துல நின்னு, பையை நண்பன் தோளுக்கு மாத்த என்ன சாக்கு சொல்லலாம்னு யோசிப்பீங்க.

இப்போ ஒரு ஆளைப் பற்றிச் சொல்றேன். நம்ம தமிழ்நாட்டில் ராயக்கோட்டை, சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி 1858-லேயே படம் எடுத்தவர். அவருடைய கேமராவை வைக்க ஒரு பையும் போதாது, ஒரு ஆளும் போதாது. மாட்டு வண்டிகள் வேண்டியிருந்தது. பெயர் லின்னேயஸ் டிரைப். செடி கொடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த விஞ்ஞானி லின்னேயஸின் பெயர்தான் முன்பாதி. பின்பாதிக்கு ஆங்கிலத்தில் அர்த்தம் பார்த்தால் ஆட்டுப் போட்டி, அதாவது இரைப்பை. அதைச் சிரிச்சு முடிச்சுட்டு மேல படிங்க.

1822 ஏப்ரல் 14-ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவது. இவ்வளவு பெரிய குடும்பத்தில் ஒன்பதாவதாகப் பிறந்த பையனுக்கு அன்றைக்கு இருந்த வேலைவாய்ப்பு என்ன? கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம். நீங்க பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சு கவுன்சிலிங்குக்கு நின்ன வயசுல அவர் மதராஸ் ராணுவத்தில் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டார். 12-வது மதராஸ் சுதேசிக் காலாட்படையில் அதிகாரி. அடுத்த பத்து வருஷம் தென்னிந்தியாவில் பாளையம் பாளையமாக மாறியதைத் தவிரப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

கதை திரும்பும் இடம் 1850-களின் தொடக்கம். நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனார். உடம்பு சரியில்லாததால் விடுப்பு இன்னும் நீண்டது. அந்த நேரம் பார்த்து இங்கிலாந்தில் புகைப்படப் பைத்தியம் பற்றிக்கொண்டிருந்தது. காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்த டால்பட், அதுவரை கெட்டியாகப் பிடித்து வைத்திருந்த காப்புரிமையை 1852-ல் தளர்த்தினார். 1853-ல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியது. அந்த வருஷமே டிரைப் அதில் உறுப்பினர். யூடியூப் இல்லாத காலத்தில் சங்கம்தான் யூடியூப். யார் எந்த ரசாயனத்தை எவ்வளவு கலந்தார், எங்கே சொதப்பினார் என்பதெல்லாம் அங்கேதான் பேசுவார்கள்.

இங்கே ஒரு கேள்வி உங்களுக்கு வரணும். கேமரா ஏன் அவ்வளவு பெரிசா இருக்கணும்? சின்னதா செஞ்சு, அப்புறம் படத்தைப் பெரிசு பண்ணிக்க வேண்டியதுதானே?

விஷயமே அதுதான். படத்தைப் பெரிதாக்கும் கருவி அன்றைக்கு நடைமுறையில் இல்லை. நெகட்டிவை அச்சுக் காகிதத்தின் மேல் நேராக ஒட்ட வைத்து, வெயிலில் காட்டி, அப்படியே படம் இறக்குவார்கள். நெகட்டிவ் என்ன அளவோ படமும் அதே அளவு. டிரைப் எடுத்த படங்கள் சுமார் 10-க்கு 14 அங்குலம். நம்ம ஏ4 தாளைவிடப் பெரிசு. அவ்வளவு பெரிய படம் வேண்டுமென்றால், அவ்வளவு பெரிய நெகட்டிவ் உட்காரும் பின்பக்கம் வேண்டும். அதற்கேற்ற லென்ஸ் வேண்டும். அந்த லென்ஸின் குவியத் தூரத்துக்கு ஏற்ற ஆழமும் வேண்டும். ஆக, கேமரா என்பது ஒரு பெட்டி. சின்ன ட்ரங்குப் பெட்டி மாதிரி. சில கேமராக்களில் துருத்தி போல மடியும் தோல் இருக்கும். அந்தக் காலத்தில் பலவும் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு மரப்பெட்டிகள்தான். பின்னால் சொரசொரப்பாக்கிய கண்ணாடி இருக்கும். அதில் காட்சி தலைகீழாக விழும். தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, வெந்து போய், தலைகீழ் கோபுரத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் தஞ்சாவூரில் அந்தத் துணிக்குள் தலையை விடுவதை நினைச்சுப் பாருங்க.

அடுத்த சிக்கல், நெகட்டிவை எதில் எடுப்பது. 1851-ல் ஒரே வருஷத்தில் இரண்டு முறைகள் வந்தன. ஒன்று, ஆர்ச்சர் என்பவர் கண்டுபிடித்த ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தட்டில் பிசுபிசுப்பான கரைசலை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் விட வேண்டும். மொத்தமே சில நிமிடங்கள்தான். அதனால் இருட்டுக் கூடாரமும் கூடவே வர வேண்டும். மற்றொன்று, பிரான்சில் லெ கிரே உருவாக்கிய மெழுகுக் காகித முறை. நல்ல காகிதத்தில் மெழுகு ஏற்றி, அயோடைடு கரைசலில் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட் பூசிக் காய வைத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம். படம் எடுத்த பிறகும் உடனே கழுவ வேண்டியதில்லை, முகாமுக்குத் திரும்பி இரவில் பார்த்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால் வேகம் குறைவு. நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். காகித நார் தெரிவதால் கண்ணாடி அளவுக்குத் துல்லியமும் வராது.

கொஞ்சம் கணக்கு போடலாம், நாம இன்ஜினியரிங் பசங்கதானே. 10-க்கு 14 அங்குலம் என்றால் ஏறக்குறைய 903 சதுர சென்டிமீட்டர். 3 மில்லிமீட்டர் தடிமனில் கண்ணாடி. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராம். ஒரு தட்டு கிட்டத்தட்ட 680 கிராம் வருது. நூறு படத்துக்கு 68 கிலோ, அதுவும் கண்ணாடி மட்டும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் அத்தனையும் தூள். அதே அளவு காகிதம் மெழுகோடு சேர்த்துப் பதினைந்து கிராம் என்று தாராளமாக வைத்தாலும், நூறுக்கு ஒன்றரை கிலோ. டிரைப் தன் பெரிய படங்களுக்குப் பெரும்பாலும் காகிதத்தை நம்பியதற்குக் காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். அழகு பார்த்து எடுத்த முடிவு என்று கலைப் புத்தகங்கள் சொல்லலாம். நான் இதை எடைக் கணக்காகத்தான் பார்க்கிறேன்.

1854-ல் பெங்களூருக்குத் திரும்பினார். அந்த டிசம்பரில் ஆண்ட்ரூ நீல் என்ற ராணுவ மருத்துவரோடு ஹளேபீடு, பேலூர் பக்கம் போய்ப் படம் எடுத்தார். 1855-ல் மதராஸில் நடந்த பெரிய பொருட்காட்சியில் 68 படங்களை வைத்தார். முதல் தரப் பதக்கம் கிடைத்தது. அதுவரை அந்தக் கோயில்களைப் புகைப்படத்தில் யாரும் பார்த்ததில்லை.

உடனே பெரிய இடத்திலிருந்து அழைப்பு. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி, பர்மா மன்னர் மிண்டோனின் தலைநகரான அமரபுரத்துக்கு ஒரு தூதுக்குழு அனுப்பினார். மூன்று வருஷம் முன்புதான் கம்பெனி பர்மாவின் கீழ்ப்பாதியைப் போரிட்டுப் பிடுங்கியிருந்தது. பிடுங்கியதை மன்னர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் வேலை. மன்னர் கடைசி வரை போடவில்லை. ஆனால் குழுவோடு போன டிரைப் மழைக்காலத்தில், ஐராவதி ஆற்றின் வழியே போய், 200-க்கும் மேல் நெகட்டிவ் எடுத்து வந்தார். அதில் 120 படங்களைத் தேர்ந்து 50 தொகுதிகள் அச்சிட்டார். பெருக்கிப் பாருங்க, 6,000 அச்சுகள். ஒவ்வொன்றும் வெயிலில் வைத்து, கையால் கழுவி, தங்கக் கரைசலில் நிறமேற்றியது. பெங்களூரில் மேகம் மூடினால் அன்றைக்கு உற்பத்தி நின்றுவிடும். சூரிய சக்தியில் ஓடிய ஃபேக்டரி அது.

இந்த வேலையைப் பார்த்த மதராஸ் அரசு, அவரை மாகாணத்தின் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. கோயில், கோட்டை, பாலம், மலை, இனி அழியப்போகும் கட்டடம் என்று எல்லாவற்றையும் பதிவு செய்வது பணி. 1857-ல் வேலையை ஆரம்பித்தார். அதே வருஷம் மே மாதம் மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். வடக்கே போர் நடந்துகொண்டிருக்க, இங்கே ஒரு கேப்டன் கேமராவோடு கிளம்புகிறார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார்.

ரயிலில் போயிருக்கலாமேன்னு கேட்பீங்க. தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கியே ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. மதுரைக்கெல்லாம் தண்டவாளம் கனவு. ஆகவே மாட்டு வண்டிகள். கேமராக்கள், முக்காலிகள், லென்ஸ்கள், காகிதக் கட்டுகள், ரசாயன ஜாடிகள், கழுவும் தட்டுகள், கூடாரம், சாப்பாட்டுச் சாமான். மாட்டு வண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் நகர்ந்தால் அதிகம். தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்து முகாம். குடிப்பதற்கு மட்டும் இல்லை, படம் கழுவவும்தான். கலங்கிய ஏரித் தண்ணீரில் கழுவினால் நெகட்டிவில் கறை விழும். சூட்டில் கரைசல் கெட்டுப்போகும். உணர்வேற்றிய காகிதம் குளிர்நாட்டில் தாங்கும் அளவுக்கு இங்கே தாங்காது. லண்டன் சங்கத்தில் கற்றுக்கொண்ட சமையல் குறிப்பையெல்லாம் நம்ம ஊர் வெயிலுக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது.

முதலில் ராயக்கோட்டை. அந்தக் குன்றும் அதன் மேல் இருக்கும் துருக்கமும் இன்றைக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிற்கின்றன. பிறகு சேலம் மாவட்டத்தின் மற்ற இடங்கள், அங்கிருந்து திருச்சி. மலைக்கோட்டையைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். ஸ்ரீரங்கம் எடுத்தார். மதுரையில் நிறைய நாள் தங்கியிருக்கிறார் என்பது படங்களின் எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரியும். மதுரைக்கு மட்டும் நாலு பாகம். திருமலை நாயக்கர் மகால், புது மண்டபம், வைகைக்குக் குறுக்கே போகும் தாம்போதி, யானைமலை.

யானைமலைப் படத்தைக் கட்டாயம் தேடிப் பாருங்க. லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் டிரைப் படங்கள் நல்ல துல்லியத்தில் கிடைக்கின்றன. மலை படுத்த யானை மாதிரி நீண்டு கிடக்கும், முன்னால் வெறும் சமவெளி. ஒரு ஒத்தக்கடை இல்லை, ஒரு ஃபிளக்ஸ் இல்லை. நம்மில் மதுரைப் பசங்களுக்கு அது கொஞ்சம் கலக்கமாகக்கூட இருக்கும். 2010-ல் அந்த மலையைச் சிற்ப நகரமாக மாற்றும் யோசனை வந்தபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்ததால்தான் அது கைவிடப்பட்டது. மலை முன்னே எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எடுத்துக்காட்ட ஒரு 1858 சாட்சி இருக்கிறது.

அந்தப் படங்களில் இன்னொன்றையும் கவனிப்பீங்க. ஆளே இருக்க மாட்டார்கள். மதுரைத் தெருவில், கோயில் பிரகாரத்தில், ஆள் இல்லாமல் இருக்குமா? நிமிடக் கணக்கில் லென்ஸ் திறந்திருந்தால், நடந்து போகிறவர் எங்கேயும் பதிய மாட்டார். நின்றவர் மட்டும் மங்கலாக விழுவார். கல் மட்டும் தெளிவாக விழும். இதைப் பார்த்துவிட்டு, பழைய இந்தியா என்றால் ஆளற்ற அழகிய இடிபாடு என்று லண்டனில் யாராவது நினைத்திருந்தால் அதில் ரசாயனத்துக்குப் பாதிப் பங்கு. மீதிப் பங்கு யாருடையது என்று நீங்களே யோசிச்சுக்கோங்க. அனுப்பி வைத்தது கம்பெனி அரசு.

வானமும் அப்படித்தான். அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளிக்கு ரொம்பக் கூச்சப்படும். வானம் வெளுத்து வெறும் வெள்ளையாக, புள்ளி புள்ளியாக வரும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் தூரிகையால் நிறம் தடவி மேகத்தை வரைந்தார். சில இடங்களில் மர இலைகளையும் திருத்தினார். நம்ம ஆளுங்க ஃபில்டர் போடுறதைப் பார்த்துத் தலையில் அடிச்சுக்கிற சீனியர்கள் இதைக் குறிச்சு வச்சுக்கணும்.

இப்போ தஞ்சாவூர். என்னைக் கேட்டால் இந்த மனிதர் நினைவுகூரப்பட வேண்டியது இங்கே செய்த ஒரு வேலைக்காக. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் கல்வெட்டு வரிவரியாக ஓடுவதைப் பார்த்திருப்பீங்க. ராஜராஜன் கொடுத்த பொன், விளக்கு, நிலம் எல்லாம் அதில் இருக்கிறது. 1858-ல் அதை யாரும் முழுதாகப் படித்து அச்சிடவில்லை. ஹுல்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் அவற்றை வெளியிட்டதெல்லாம் 1890-களில். டிரைப் அந்தக் கல்வெட்டு வரிசையை முழுதாகப் பிடிக்க நினைத்தார். ஒரே படத்தில் எடுத்தால் எழுத்து தெரியாது. கேமராவைச் சுவருக்கு இணையாக வைத்து ஒரு படம். பிறகு தள்ளி இன்னொரு படம். இப்படி 21 படங்கள். அச்சிட்டு ஓரம் ஓரமாக ஒட்டினால் கிட்டத்தட்ட 19 அடி நீளச் சுருள்.

செல்போனில் பனோரமா எடுக்கும்போது கை கொஞ்சம் ஏறி இறங்கினால் என்ன ஆகும்? கோடு உடைஞ்சு போகும். இங்கே ஒவ்வொரு தடவையும் அந்த மரப்பெட்டியையும் முக்காலியையும் தூக்கி நகர்த்தி, அதே தூரம், அதே உயரம், அதே மட்டம் பிடிக்க வேண்டும். பெட்டியின் பின்பக்கம் சுவருக்கு இணையாக இல்லாவிட்டால் கல்வரிகள் சாய்ந்து ஒன்றோடொன்று சேராது. தியோடலைட்டை லெவல் பண்ணத் தெரிஞ்ச சிவில் பசங்களுக்கு இதோட அருமை புரியும். ஒரு ஸ்டேஷன்ல லெவல் பண்ணவே நமக்கு லேப் நேரம் பாதி போயிடுது. அவருக்கு 21 ஸ்டேஷன். பிழை இருக்கிறதா என்பது கழுவிப் பார்க்கும் வரை தெரியாது. இணைப்புகளைக் கவனமாகப் பார்த்தால்தான் ஒட்டியது தெரிகிறது.

மலை மேல் பெரிய கேமரா தூக்கியவர்கள் என்றால் பொதுவாக வேறு இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். ஒருவர் சாமுவேல் பார்ன். 1866-ல் இமயத்தில் மணிரங் கணவாயில், சுமார் 18,600 அடி உயரத்தில், கண்ணாடித் தட்டில் படம் எடுத்தவர். இன்னொருவர் அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ். 1927-ல் ஹாஃப் டோம் மலையை எடுக்க, சுமார் 18 கிலோ மூட்டையில் கேமராவையும் 12 கண்ணாடித் தட்டுகளையும் போட்டுத் தன் முதுகிலேயே சுமந்து பனியில் ஏறினார். மிச்சமிருந்த கடைசித் தட்டுகளில்தான் அந்தப் புகழ்பெற்ற படம் விழுந்தது. ஆடம்ஸ் மேல எனக்கு மரியாதை கூடுவதே அந்த முதுகு அவருடையது என்பதால்தான். பார்னுக்கு முப்பது, நாற்பது கூலிகள் சுமந்தார்கள். குளிரில் சுமையைப் போட்டுவிட்டு ஓடியவர்களைப் பிடித்து அடித்ததை அவரே எழுதியும் வைத்திருக்கிறார். படத்தின் அழகைப் பேசும்போது அதையும் சேர்த்தே பேசணும்.

டிரைப்பின் வண்டிகளை ஓட்டியவர்கள், துருக்கத்துக்கு மேலே பெட்டியை ஏற்றியவர்கள், ராத்திரி கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து ஊற்றியவர்கள் யார்? அவர்கள் நம்ம ஊர்க்காரர்கள். ஒரு பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது, ஐயாசாமி. டிரைப்பின் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். பிறகு மதராஸ் கலைப் பள்ளியில் புகைப்படப் பணியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர். அந்தப் பள்ளிதான் இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. ஆயிரக்கணக்கான அச்சுகளை ஒரு கேப்டன் தனி ஆளாக வெயிலில் வைத்து எடுத்திருப்பார் என்று நீங்க நம்ப மாட்டீங்க, நானும் நம்பவில்லை. ஆனால் தொகுதிகளின் முகப்பில் இருப்பது ஒரே பெயர்.

1858 வசந்த காலத்தில் மதராஸ் திரும்பினார். அருங்காட்சியகத்தில் கிடந்த அமராவதிச் சிற்பங்களை எடுத்தார். அடுத்து அச்சு வேலை. ஊர் ஊராகப் பிரித்துத் தொகுதிகள் வெளிவந்தன. ஒரு துறையே உருவாகிறது, இனி மாகாணம் முழுவதும் போகலாம் என்ற நிலை.

அப்போதுதான் புது கவர்னர் வந்தார். 1859-ல் பதவியேற்ற சார்லஸ் டிரெவெல்யன். கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலி. கம்பெனி ஆட்சி போய் மகாராணி ஆட்சி வந்திருந்தது. எங்கே வெட்டலாம் என்று கணக்குப் புத்தகத்தைப் புரட்டிய டிரெவெல்யன் கண்ணில் புகைப்படப் பிரிவு பட்டது. அது ஆடம்பரம் என்று முடிவு செய்தார். வேலை நிறுத்தப்பட்டது. உபகரணங்களைக் கணக்கு முடித்து ஒப்படைத்துவிட்டு, 1860-ஓடு அந்தப் பிரிவு மூடப்பட்டது. டிரைப் எதிர்த்து எழுதிப் பார்த்தார், பயன் இல்லை. ஒரு வேடிக்கை என்னவென்றால், அதே டிரெவெல்யன் வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860-லேயே பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். ஆனால் நின்ற வேலை திரும்பத் தொடங்கவில்லை.

புராஜெக்ட்டுக்கு நிதி நின்னுபோனா என்ன ஆகும்னு ஃபைனல் இயர்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. டிரைப் மனம் உடைந்து போனார். முப்பத்தெட்டு வயது. தொழிலில் உச்சத்தில் இருந்த ஆள். மறுபடி பட்டாள வேலைக்குத் திரும்பினார். அந்த அளவில் கேமராவைத் தொடவே இல்லை. யோசிச்சுப் பார்த்தால், அவர் முழு மூச்சாகப் படம் எடுத்ததே ஆறேழு வருஷம்தான்.

இந்த நிறுத்தத்தால் நமக்கு என்ன நஷ்டம்? எனக்கு உறுத்துவது இது. ராயக்கோட்டை, சேலம், திருச்சி என்று போன அந்த வண்டித் தடத்துக்குக் கிழக்கே தள்ளி நின்றது கல்வராயன் மலை. வண்டி போகும் பாதை எங்கே இருந்ததோ அங்கேதான் கேமரா போனது. கல்வராயனில் அன்றைக்கு வண்டிப் பாதை ஏது? ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை. அந்த ஜாகிர் முறை ஒழிந்ததே 1976-ல்தான். வெள்ளிமலைப் பக்கத்து மலையாளி மக்கள் தினை, சாமை, கடுக்காய் எல்லாம் தலைச்சுமையாகத்தான் கீழே சந்தைக்கு இறக்கினார்கள். தஞ்சாவூர்க் கோயில் 1858-ல் எப்படி இருந்தது என்று ஒரு கல் பிசகாமல் சொல்லலாம். அதே வருஷம் எங்க ஊருக்கு மேலே அந்தச் சரிவில் எவ்வளவு காடு இருந்தது, கோமுகி ஆறு அணைக்கு முன்னால் எந்த அகலத்தில் இறங்கியது என்று காட்ட ஒரு படம் கிடையாது. மாகாணம் முழுவதையும் எடுக்க வேண்டியவரை நாலரை மாதச் சுற்றோடு நிறுத்தினால் விடுபட்ட பட்டியலில் நம்ம மலையும் சேரும்.

மலைக்குப் போகும்போது சும்மா செல்ஃபியாவே எடுத்துத் தள்ளாம, ஒரே இடத்தில் நின்று சரிவு முழுசும் தெரிகிற மாதிரி ஒன்றாவது எடுங்க. தேதியும் நின்ற இடமும் குறிச்சு வைங்க. எங்க ஊர் டீக்கடை எதிரிலிருந்தே மலை நல்லாத் தெரியும். உங்க போன் 200 கிராம்தான், மாடு தேவையில்லை.

டிரைப் 1870-களில் ஓய்வு பெற்று, பிறந்த டெவன்போர்ட்டுக்கே போய்ச் சேர்ந்தார். 1902 மார்ச் 2-ஆம் தேதி இறந்தபோது எண்பது வயது ஆக ஒன்றரை மாதம் பாக்கி. அவருடைய படங்கள் நூலக அலமாரிகளில் கிடந்தன. 2014-15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மூன்று இடங்களிலும் பெரிய கண்காட்சி வைத்தார்கள். தஞ்சாவூர்ச் சுருளும் அவர் பெயரோடு பேசப்பட்டது. எழுத்துகள் இன்னும் படிக்கிற அளவுக்குத் தெளிவாகவே இருக்கின்றன.